வேலூரில் எழுதும், ஆம்பூரில் எழுதாது

எது கெட்டாலும் முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுகிறீர்கள். உங்கள் காலம் அப்படி. குறை சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமைதான் படுகிறேன். நான் சர்வீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பஸ்ஸில் அலைந்த நாட்களில் அப்படி ஒரு பாகத்தைத் தூக்கிப் போட்டிருந்தால், அதன் பின்னாலேயே என்னையும் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் சாமர்த்தியமாகச் சரிசெய்த மெஷின்கள் நிறைய உண்டு. அதையெல்லாம் எழுதினால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். அதனால் நான் திருதிருவென்று முழித்த கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். பென் டிரைவ் என்ற பேச்சே எங்கள் பக்கம் வரவில்லை. இன்டர்நெட் போன் ஒயரில் வந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய படத்தை அனுப்ப ஆரம்பித்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் பாதி போயிருக்கும், அப்புறம் லைன் அறுந்துவிடும். யாருக்காவது பெரிய கோப்புகளைக் கொடுக்க வேண்டுமென்றால் வெற்று டிஸ்க் ஒன்றை சிடி ரைட்டரில் போட்டு, லேசரால் எழுதித்தான் கொடுக்க வேண்டும். நடுவில் எழுத்து தடுமாறினால் அந்த டிஸ்க் அவ்வளவுதான். சைக்கிளின் பின்னால் கட்டிவிடலாம், இருட்டில் நன்றாக மின்னும். அந்த நாளில் எங்கள் தெருவில் மின்னாத சைக்கிள் கிடையாது. எல்லாம் என் உபயம்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் வேலூரில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். எங்கே போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் வரும்வரை மெஷினைப் பார்க்கவே மாட்டார், சுற்றியிருக்கும் ஆட்களைத்தான் பார்ப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். "மெஷின் தனியா கெடாதுடா. நாலு பேரோட சேர்ந்துதான் கெடும்," என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கேட்டுவிட்டு மறந்தும் போனேன்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே டிசைன் ரூமில் இருந்த எஸ்தர் என்ற பெண் போன் செய்தாள். புதிதாக வாங்கிய சிடி ரைட்டர் ஒரு டிஸ்க்கைக்கூட எழுதவில்லை என்றாள். மாதனூர்ப் பக்கத்துப் பெண், கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவள். தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து, கம்ப்யூட்டரில் ஷூ டிசைன் போடப் படித்துவிட்டு, முதலாளியிடம் நேரில் போய்ப் பேசி அந்த ரூமை உண்டாக்கியிருந்தாள். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மாதிரி ஷூவையும் அட்டை பேட்டர்னையும் மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனியில், ஒரே டிஸ்க்கில் மொத்த சீசனின் டிசைன்களையும் போட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னதும் அவள்தான்.

அது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. நல்ல நிர்வாகிதான். ஆனால் தனக்குப் புரியாத எதுவும் தன் கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்று நினைக்கிற ரகம். பையரின் ஏஜென்ட் சென்னையிலிருந்து வரும் அன்று டிஸ்க் கையில் இல்லையென்றால் ரூமைப் பூட்டிவிடுவது, எஸ்தர் பழையபடி தையலுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. எஸ்தரே இதை என்னிடம் சொன்னாள்.

"தையலுக்குப் போறது எனக்கு ஒண்ணும் கேவலம் இல்ல சார். எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. ஆனா நான் முதலாளி கிட்ட சொன்னது பொய்யின்னு ஆய்டும். அதுதான் தாங்க முடியல," என்றாள்.

நான் ஹீரோ மாதிரி கேபினெட்டைத் திறந்தேன். கேபிளை மாற்றினேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டேன். லென்ஸைத் துடைத்தேன். வேகத்தைக் குறைத்து எழுதச் சொன்னேன். டிஸ்க் உள்ளே போகும், கொஞ்சம் முனகும், பிழை என்று திரையில் காட்டிவிட்டு வெளியே நாக்கை நீட்டும். அவர்கள் வாங்கிய டிஸ்க் மட்டமாக இருக்கலாம் என்று நான் கொண்டுபோன டிஸ்க்குகளைக் கேட்டேன். அவை கேட்டிலேயே நின்றுவிட்டன. அந்தக் கம்பெனியில் ஒரு குண்டூசி உள்ளே வந்தாலும் ஸ்டோர்ஸ் வழியாகத்தான் வரவேண்டும். சரி, ஒழுங்கான கம்பெனி என்று மெச்சிக்கொண்டேன். நான் டீ குடித்து முடிப்பதற்குள் என் டிஸ்க்குகள் வந்து சேர்ந்தன. சும்மா சொல்லக்கூடாது, பளபளவென்று இருந்தன. அவையும் எழுதவில்லை.

அதற்குள் ரூம் வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டரைக் குறை சொன்னார். ஸ்டோர்ஸ்காரர் மெஷின் தெற்கே பார்த்திருக்கிறது என்று கவலைப்பட்டார். கேன்டீனில் வேலை செய்யும் அம்மா, பக்கத்துத் தோல் ஷாப்பின் வாடை பட்டால் வெள்ளிக் கொலுசே கறுத்துப்போகிறதே, கண்ணாடித் தட்டு எம்மாத்திரம் என்றார். இதில் கொஞ்சம் விஷயம் இருப்பதாக எனக்கே பட்டது. மேனேஜர் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி, சில பேருக்குக் கைராசி கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார். எஸ்தர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக்கூடாது என்பதால் ரைட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன்.

கடையில் மாட்டினேன். எழுதியது. இன்னொரு டிஸ்க் போட்டேன். அதுவும் எழுதியது. படம், பாட்டு, எதைக் கொடுத்தாலும் சமர்த்துப் பிள்ளையாக எழுதியது. ஆம்பூரில் அடம் பிடித்த அதே மெஷின். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. டிசைன் இருக்கிற கம்ப்யூட்டரையே வேலூருக்குத் தூக்கி வந்து எழுதிவிடலாம் என்று போனில் சொன்னேன். டிசைன் கேட்டைத் தாண்டக்கூடாது என்று மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வேறு பையரின் ஆட்கள் மோப்பம் பிடித்துத் திரிகிற சீசன், அவர் பயமும் நியாயம்தான்.

ஏஜென்ட் வருகிற நாளும் வந்தது. நான் ரைட்டரோடும் புது டிஸ்க் டப்பா ஒன்றோடும் காலையிலேயே போய் நின்றேன். டப்பாவை வழக்கம்போல் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள். ரைட்டரைக் கேபினெட்டில் மாட்டி, மின்சாரம் கொடுத்து, டிரேயைத் திறந்தால் உள்ளே ஒரு வெற்று டிஸ்க் படுத்திருந்தது. கடையில் சோதித்தபோது போட்டு, எடுக்க மறந்தது. சரி, வந்த கழுதை இதையாவது எழுதுகிறதா பார்ப்போம் என்று, சர்வீஸ்காரன் புத்தி, சின்னதாக ஒரு சோதனைக் கோப்பை எழுதச் சொன்னேன். எழுதிவிட்டது. எஸ்தர் கைதட்டியே விட்டாள். நானும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அடுத்து, ஸ்டோர்ஸிலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்த டிஸ்க் ஒன்றைப் போட்டு டிசைன் கோப்புகளை எழுதச் சொன்னோம். முனகியது. பிழை. நாக்கு வெளியே வந்தது.

இதற்கிடையில் ஏஜென்ட் வந்துவிட்டார். முதலாளி அவரைக் கெஸ்ட் ஹவுஸுக்கு அழைத்துப்போய் பிரியாணிக்கு உட்காரவைத்தார். சாப்பிட்டதும் நேராகச் சென்னை, அங்கிருந்து விமானம். ஆக, பிரியாணி முடியும்வரைதான் எங்களுக்கு அவகாசம். அந்த ஏஜென்ட் நிதானமாக மென்று சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். ரூமின் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் நமக்கு ஒரு வெறி வரும், தெரியுமா? எதையாவது கழற்ற வேண்டும்போல இருக்கும். கை சும்மா இருந்தால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம்தான் அது. என் கையும் ஸ்க்ரூடிரைவருக்குப் போனது. அப்போதுதான், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் குருவின் தண்ணீர் டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. எஸ்தரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அவள் போய் வருவதற்குள் எழுதிய டிஸ்க்கையும் எழுதாத டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். ஒரே ஒரு வித்தியாசம். எழுதாத டிஸ்க்கின் மேல்பக்கத்தில், பெயர் அச்சடித்த இடத்துக்கு ஓரமாக, வெள்ளிப் பேனாவால் சின்னதாக ஒரு டிக் இருந்தது. அந்த டிக்கை முன்னாலும் பார்த்திருக்கிறேன். எஸ்தர் ஏதோ கணக்குக்காகப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரோடு வந்தவளிடம் கேட்டேன்.

"அதுவா சார்? அது பாஸ் மார்க். ரஷீத் பாய் போடுவாரு. பாய் பார்த்து டிக் போடாம ஸ்டோர்ஸ்ல எதையும் குடுக்க மாட்டாங்க."

"பார்த்துன்னா? எப்படிப் பார்ப்பாரு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "தோலைப் பார்க்கிற மாதிரிதான் சார்."

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

ரஷீத் பாய் அந்தக் கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர். இந்த முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே இருப்பவர். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே பெரிய மேஜை. தோலோ, அட்டையோ, நூலோ, லேபிளோ, உள்ளே வருகிற எதுவும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை முதலாளியே எடுக்கச் சொன்னாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். நான் போய் நின்றபோது என் புது டப்பா அவர் முன்னால் திறந்திருந்தது. பாதி முடித்திருந்தார்.

ஒரு டிஸ்க்கை எடுத்தார். விளக்கைப் பிரதிபலிக்கும் பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, நடுவிலிருந்து ஓரம்வரை மெதுவாகத் தடவினார். லேசாக வளைத்துப் பார்த்தார். அப்புறம் பக்கத்திலிருந்த துணியை எடுத்து, தன் விரல் பட்ட இடத்தை அழுந்தத் துடைத்தார். பேக்கிங்குக்கு முன்னால் ஷூவைக் கடைசியாக ஒரு துடை துடைப்பார்களே, மெழுகு ஊறிய அந்தப் பாலிஷ் துணி. டிஸ்க் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. திருப்பி, வெள்ளிப் பேனாவால் ஒரு டிக். பளபளப்பைப் பார்த்து நான் மெச்சியது மெழுகைத்தான் என்று அப்போது புரிந்தது. மெழுகுப் பூச்சுக்குக் கீழே லேசர் என்ன செய்யும், பாவம்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "ஐயோ, நிறுத்துங்க" என்று கத்தியிருப்பீர்கள். எனக்கும் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் மேனேஜர் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். சுற்றிலும் தோல் வெட்டும் கட்டிங் ஆட்கள். இத்தனை பேர் முன்னால், உங்கள் கைதான் டிஸ்க்கையெல்லாம் கெடுத்தது என்று ரஷீத் பாயிடம் சொன்னால், அவர் மிச்சத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் பாஸ் போடாத டிஸ்க் அந்தக் கட்டடத்தில் ஒரு அடி நகராது. அதோடு எஸ்தர் ஒரு பெரிய மனுஷரை அவமானப்படுத்த ஆள் கூட்டி வந்தாள் என்று பெயராகிவிடும். ரூமைப் பூட்ட வேறு காரணமே தேவையில்லை.

அதனால் மரியாதையாக ஆரம்பித்தேன். சலாம் சொன்னேன். பதில் சலாம் சொல்லிக்கொண்டே ஒரு டிஸ்க்கைத் தடவி முடித்தார். உடம்பு சௌக்கியமா என்றேன். ஏதோ இருக்கேன் என்றார், இன்னொன்று போனது. உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். சந்தோஷமாகச் சிரித்தார், சந்தோஷத்தில் கை வேகமாக ஓடி இரண்டு போயின. நான் சொல்கிற ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் ஒரு டிஸ்க் காலியாகிக்கொண்டிருந்தது. டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்தது. எஸ்தர் மூச்சு வாங்க ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கண்ணும் டப்பாவின் அடியிலேயே இருந்தது.

"பாய், ஒரு சந்தேகம். பேடன்ட் லெதர் வந்தா எப்படிப் பார்ப்பீங்க?" என்றேன்.

கண்ணாடி மாதிரி மின்னும் தோல் அது. மேலே ஒரு விரல் பட்டாலும் அச்சு விழுந்துவிடும். பாயின் கை பாதியில் நின்றது.

"பேடன்ட்ல எவனாவது கை வெப்பானா? ஓரத்தைப் புடிச்சி வெளிச்சத்துல பார்க்கணும். ரேகை பட்டுச்சுன்னா அந்தப் பீசு போச்சி."

சொல்லிவிட்டு, தன் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த டிஸ்க்கைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். துணியைத் தூர வைத்தார்.

"இதுவும் பேடன்ட் ஜாதியா?"

"ஆமா பாய்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எம்மாம் பேஜாரு பண்றீங்க மனுசனை," என்று எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார். அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருந்தது. தவறு அவர் கையில் இல்லை, பொருளைச் சரியாகச் சொல்லாத எங்களிடம்தான் என்று ஆகிவிட்டது. அது உண்மையும்தான். டப்பாவின் அடியில் மிச்சமிருந்த சில டிஸ்க்குகளில் ஒன்றை, இரண்டு கையாலும் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, டிக் போட்டு எஸ்தரிடம் கொடுத்தார். அவள் அதைப் பூஜைத் தட்டு ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு நடந்தாள்.

எழுதியது. முனகல் இல்லை, பிழை இல்லை. முழு சீசனும், செருப்பு, ஷூ, பூட்ஸ் என்று எல்லாம் உள்ளே போய், எழுதி முடித்து, இனி மாற்ற முடியாதபடி மூடி, டிரே வெளியே வந்தது. நான் எஸ்தர் பக்கம் திரும்பவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று தெரியும். ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டேன்.

கதை முடிந்தது என்று பையை மூடாதீர்கள். நானும் அப்படித்தான் மூடினேன்.

பிரியாணி முடிந்து, கார் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே வருகிற பொருளுக்குப் பாய் என்றால் வெளியே போகிற பொருளுக்கும் பாய்தான். எழுதிய டிஸ்க் மறுபடி அந்த மேஜைக்குப் போனது. இப்போது அவருக்கு அதைப் பிடிக்கும் முறை தெரியும். ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். அவர் நெற்றி சுருங்கியது.

"ஷேடு மாறுது," என்றார். "நடுவுல ஒரு கலரு, வெளியில ஒரு கலரு. ரிஜெக்ட்."

உங்களுக்குத் தெரியும், எழுதிய டிஸ்க்கில் லேசர் பட்ட பகுதி நிறம் மாறித் தெரியும். சாதாரணக் கண்ணுக்குச் சட்டென்று படாது. தோலில் நூலளவு நிறம் மாறினாலும் கண்டுபிடிக்கிற கண்ணுக்குப் படாமல் இருக்குமா? மேனேஜர் சாவியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். நான் லேசரைப் பற்றி விளக்க வாயைத் திறந்தேன். எஸ்தர் என்னை முந்திக்கொண்டாள்.

"பாய், நடுவுல கலர் மாறியிருக்கே, அவ்ளோ இடத்துலதான் நம்ம ஷூ எல்லாம் இருக்குது. வெளியில இருக்கிறது காலி இடம்."

பாய் இன்னும் ஒருமுறை பார்த்தார். ஷேடு விஷயம் அவருக்குத் தீர்ந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

"இவ்ளோ இடம் வேஸ்ட்டா? கட்டிங்ல ஒரு தோலுல இம்மாம் இடம் உட்டா மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிடுவேன் நானு."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. எஸ்தர் மேனேஜரைப் பார்க்கவில்லை. பாயை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"வேஸ்ட் இல்ல பாய். அது அடுத்த சீசனுக்கு. நான் பண்ணப் போறதுக்கு."

மூடிய டிஸ்க்கில் இனி ஒரு எழுத்துகூட ஏறாது. அந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஆள் என்னையும் அவளையும் தவிர யாருமில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று என்னை உள்ளிருந்து குத்தியது. நான் அதைத் தட்டி உட்காரவைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நேரத்தில் நம் அறிவை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வதும் சர்வீஸில் சேர்த்திதான்.

பாய் யோசித்தார். வெள்ளிப் பேனாவை எடுத்து, பழைய டிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு டிக் போட்டார். டிஸ்க்கை உறையில் இட்டு மேனேஜர் கையில் கொடுத்தார்.

"நல்ல கட்டிங்தான். மிச்சம் வெச்சி பண்ணுது பொண்ணு. அந்த ரூமை அப்படியே உட்டுடு," என்றார்.

மேனேஜர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காரை நோக்கி ஓடினார்.

அடுத்த சீசனில் போன் வந்தது. எஸ்தர்தான். ரூமுக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, வந்து மாட்டிக்கொடுங்கள் என்றாள். டிஸ்க் டப்பாவோடு போனேன். இந்த முறை கேட்டில் கொடுக்காமல் நேராக வடக்கு ஜன்னலுக்கே கொண்டுபோனேன். பாய் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிஸ்க்குக்கென்றே தைத்து வாங்கியதாம். நான் உதவியாக ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கையையே பார்த்தார்.

"இன்னா சார், படிச்ச ஆளு நீ. ஓரத்தைப் புடி," என்றார்.

குனிந்து பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தின் நட்ட நடுவில் என் கட்டைவிரல் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவர் ரிஜெக்ட் செய்தார்.